விழுந்தவரை நிமிர்த்தாதீர்கள்

ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளில் வெயில் ஏற ஏற, கூட்டத்துக்குள் எங்காவது ஒருவர் சரிந்து விழுவார். விழுந்த நொடியே மூன்று குரல்கள் கேட்கும். “தள்ளுங்கல, காத்து வரட்டும்.” “சோடா ஒண்ணு ஒடைச்சுக் குடுங்க.” “அண்ணாச்சி, கிடக்க விடாதீங்க, நிமித்தி உக்கார வைங்க.” மூன்றும் அக்கறையில் வருகிற குரல்கள்தான். முதல் குரல் சொல்வது சரி, அதற்குச் சொல்லும் காரணம் சரியில்லை. இரண்டாவது குரல் பத்து நிமிடம் முந்திவிட்டது. மூன்றாவதுதான் என்னை விடாமல் உறுத்துகிறது. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தரையில் சாய்ந்திருக்கிறது. நாம் நான்கு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, எந்த நிலையிலிருந்து அது தப்பித்ததோ அந்த நிலைக்கே திரும்பக் கொண்டுபோகிறோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், பாதிக் காரணம் நம் பேச்சிலேயே இருக்கிறது. ‘கிடத்துவது’ என்றால் நம் பக்கம் பிரேதத்தைத்தான் கிடத்துவார்கள். உயிரோடு இருக்கும் ஒருவரை மல்லாக்கக் கிடத்தி, இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்தால் பார்க்கிறவர் மனசு பதறும். நடுத்தெருவில் கிடப்பது மானக்கேடு என்ற எண்ணமும் உண்டு. பெண் என்றால் சேலை விலகிவிடுமே என்ற பயம் வேறு. தேருக்கு முன்னால் என்றால் சாமியைப் பார்த்துக் கால் நீட்டுவதா என்ற தயக்கம். இத்தனையும் நியாயமான தயக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. அதற்கு முன், நிற்கும் உடம்புக்குள் என்ன நடக்கிறது, எந்தக் கணத்தில் அது கைவிடுகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

நிற்பது சும்மா இருப்பதல்ல

படுத்திருக்கும் ஒருவர் எழுந்து நின்றதும் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது. ஆகவே இதயம் வெளியே தள்ளுவதும் குறைகிறது. மூளையோ இதயத்துக்கு மேலே ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு ஏறுவதிலேயே ரத்த அழுத்தத்தில், அதாவது பிரஷர் மிஷின் காட்டும் எண்ணில், 20 புள்ளிக்கு மேல் கழிந்துவிடும். கீழே நிற்கும் மோட்டார் கொஞ்சம் சுணங்கினால் முதலில் வறள்வது மாடித் தொட்டிதானே, அதே கணக்கு.

இதைச் சரிக்கட்டுவதுதான் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் வேலை. கேம்பிரிட்ஜ் உடலியல் அறிஞர் ஜான் நியூபோர்ட் லாங்லி 1898-இல் வைத்த பெயரின் தமிழாக்கம் இது. ஆனால் ‘தன்னியக்கம்’ என்பது சாவி கொடுத்த பொம்மையைப் போல ஒரே தாளத்தில் ஓடுவதல்ல. ஒவ்வொரு துடிப்புக்கும் அளந்து பார்த்துத் திருத்துகிறது. அளக்கிற இடங்கள் இரண்டு: கழுத்தில் தாடைக்குக் கீழே கழுத்துத் தமனி இரண்டாகப் பிரிகிற இடம், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவு. அங்கே குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. சுவர் தளர்ந்தால் மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகுளத்துக்குச் செய்தி போகும். முகுளத்திலிருந்து பதில் இரண்டு வழியாக வரும். ஒன்று பரிவு நரம்பு. மற்றது எதிர்ப்பரிவு நரம்பு, அதிலும் முக்கியமாக வேகஸ்.

தேர் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பரிவு நரம்பு வடம்; வேகஸ் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கிற முட்டுக்கட்டை. நரம்புகளின் தலையீடே இல்லாமல் இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 தடவை துடிக்கும். நம் நாடி 70-இல் நிற்பது வேகஸ் ஓயாமல் கட்டை கொடுத்துக்கொண்டிருப்பதால். நாம் எழுந்து நின்றதும் முதலில் நடப்பது இழுப்பதல்ல, கட்டையை உருவுவது. அதனால்தான் இரண்டே துடிப்புக்குள் நாடி ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகு பரிவு நரம்பு மெல்ல வந்து, கால், குடல், சதை ஆகியவற்றின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அரை நிமிடத்துக்குள் எல்லாம் ஒரு நிலைக்கு வந்துவிடும். நாடி 10 முதல் 20 வரை கூடியிருக்கும். அழுத்தம் பெரிதாக மாறியிருக்காது. நமக்கு ஒன்றுமே தெரியாது.

நடக்கிறவருக்கு இன்னொரு துணையும் உண்டு. கெண்டைக்கால் சதை சுருங்கும் ஒவ்வொரு தடவையும் சிரையிலுள்ள ரத்தத்தை மேலே தள்ளுகிறது. வடம் பிடித்து இழுக்கிறவர் மயங்குவதைவிட, ஓரமாக அசையாமல் நின்று பார்க்கிறவர் மயங்குவது அதிகம் என்பதற்கு இதுவே காரணம். பள்ளிக்கூடப் பிரேயரில் விழும் பிள்ளையும் அசையாமல் நின்ற பிள்ளைதான், பெரும்பாலும் காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை. அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் நின்றால், ரத்தத்தின் நீர்ப்பகுதியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குழாயிலிருந்து கசிந்து காலின் திசுவுக்குள் போய்விடும். குளத்தில் தண்ணீர் குறைந்தால் மடையை எப்படித் திறந்து மூடி என்ன பயன்?

வெயில் சேர்ந்தால் நிலைமை இன்னும் இறுகும். சாதாரணமாகத் தோலில் ஓடும் ரத்தம் நிமிடத்துக்கு அரை லிட்டர்கூட இராது. கடும் வெப்பத்தில் அது 6 முதல் 8 லிட்டர் வரை போகக்கூடும். வியர்வையாக மணிக்கு ஒரு லிட்டர் வெளியேறலாம். வியர்வைச் சுரப்பியை இயக்குவதும், தோலின் குழாயைத் திறந்துவிடுவதும், வயிற்றின் குழாயை மூடுவதும் எல்லாம் அதே பரிவு நரம்பு. ஒரு கையால் திறந்துகொண்டே மறு கையால் அடைக்க வேண்டிய நெருக்கடி அதற்கு. கத்திரி வெயிலில் கோயில் கொடைக்கு விரதம் இருந்து, சாயங்காலம்வரை தண்ணீர் சரியாகக் குடிக்காமல், நெருக்கிப் பிடித்த கூட்டத்தில் நிற்கிறவருடைய உடம்பு இந்த விளிம்பில்தான் நிற்கிறது.

திரும்பும் கணம்

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இந்த ஒரு கணத்தைத்தான். மயக்கம் என்றால் சக்தி மெல்ல மெல்ல வடிந்து தீர்வது என்று நினைக்கிறோம். ரத்தக் குழாயும் வேகஸும் சேர்ந்து கைவிடுகிற இந்த மயக்கம், டாக்டர்கள் ‘வாசோவேகல்’ என்பது, அப்படி வருவதில்லை. கடைசிவரை உடம்பு முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும். நாடி 100-ஐத் தாண்டியிருக்கும், குழாய்கள் இறுக்கமாக இருக்கும், அழுத்தம் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். திடீரென்று எல்லாம் தலைகீழாகும். வடம் பிடித்த அத்தனை பேரும் ஒரே நொடியில் கையை விட்டுவிட்டு, முட்டுக்கட்டையையும் சேர்த்து அடித்தது போல. பரிவு நரம்பு ஓய்ந்துவிடும். சதைகளின் குழாய்கள் அகலத் திறந்துகொள்ளும். வேகஸ் இதயத்தை 40-க்கும் 30-க்கும் இழுத்துவிடும், சிலருக்குச் சில நொடி நிறுத்தியும் வைக்கும். நின்ற காலில் இருப்பவருக்கு மட்டுமல்ல, ஊசியைப் பார்த்தவருக்கும், ரத்ததான முகாமில் படுத்தெழுந்தவருக்கும் நடப்பது இதே திருப்பம்தான்.

இதில் இதயத்தைவிடக் குழாய்கள்தான் பெரிய பங்கு வகிக்கின்றன என்பதற்குப் பழைய சான்றுகள் உண்டு. 1773-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் ஒரு பெண்மணிக்குச் சிகிச்சையாக ரத்தம் வடிக்கும்போது அவர் மயங்கினார். அதுவரை கருஞ்சிவப்பாக வந்த சிரை ரத்தம் மயங்கிய நேரத்தில் பளீர் சிவப்பாக மாறியதை ஹண்டர் குறித்துவைத்தார். குழாய்கள் திறந்து, ரத்தம் பயன்படாமலே சதைக்குள் பாய்ந்து திரும்பியதன் அடையாளம் அது. வாசோவேகல் மயக்கத்தை ஆராய்ந்த பிரிட்டிஷ் இதய மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1932-இல் இன்னொன்றைக் காட்டினார். அட்ரோபின் கொடுத்து வேகஸின் பிடியை விலக்கினால் நாடி ஏறுகிறது. ஆனாலும் அழுத்தம் ஏறவில்லை, ஆள் தெளியவில்லை. கட்டையை எடுத்தாலும் வடத்தைப் பிடிக்க ஆளில்லை.

மூளைக்கு ரத்தம் நின்றால் 6 முதல் 8 நொடிக்குள் நினைவு தப்பும். அதற்கு முன்னாலேயே உடம்பு ஆள் அனுப்பிச் சொல்லிவிடும். கொட்டாவி, குமட்டல், சில்லென்ற வியர்வை, முகம் வெளுப்பது, சத்தமெல்லாம் தூரத்தில் கேட்பது, கண் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வருவது. கண் முந்திக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கண்விழிக்குள் எப்போதும் 15 புள்ளியளவு அழுத்தம் இருக்கிறது. அதை மீறித்தான் ரத்தம் உள்ளே போக வேண்டும். எனவே மூளைக்கு இன்னும் கொஞ்சம் எட்டிக்கொண்டிருக்கும்போதே விழித்திரைக்கு எட்டாமல் போகிறது. “கண்ணு இருட்டிக்கிட்டு வருது” என்று ஒருவர் சொன்னால், கையில் சில நொடிகளே மிச்சம். அந்த நொடிகளில் செய்ய வேண்டியது நிழலைத் தேடி நடப்பது அல்ல. இருந்த இடத்திலேயே உட்கார வேண்டும், முடிந்தால் படுக்க வேண்டும்.

படுக்க இடமில்லாத கூட்டத்தில் மிக நல்லது குத்தவைத்து உட்காருவது. தொடையும் கெண்டையும் மடங்கி அழுந்துவதால் காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறும். உட்காரவும் முடியாவிட்டால் நின்றபடியே ஒரு காலின் குறுக்கே மறு காலை வைத்து, தொடை, புட்டம், வயிறு மூன்றையும் சேர்த்து இறுக்க வேண்டும். இரண்டு கை விரல்களையும் கொக்கியாகக் கோத்து எதிரெதிராக இழுக்கலாம். அறிகுறி மறையும்வரை, குறைந்தது அரை நிமிடம், விடாமல் செய்ய வேண்டும். நூறு எண்ணும்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். குத்தவைத்தவர் சட்டென்று எழுந்தால் கால் குழாய்களுக்குள் ரத்தம் மறுபடி பாய்ந்து அப்போதே விழக்கூடும். காலை இறுக்கியபடியே மெதுவாக எழ வேண்டும்.

விழுந்த பிறகு

விழுந்தவர் கிடக்கும்போது தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. அந்த 30 சென்டிமீட்டர் ஏற்றம் இல்லாமல் போகிறது. கால் ரத்தம் இதயத்துக்கு ஓடிவருகிறது. பெரும்பாலானவர்கள் 20 நொடிக்குள் கண் திறப்பார்கள். விழுவதே மருந்து. அந்த நேரத்தில் நிமிர்த்தி உட்கார வைத்தாலோ, கைத்தாங்கலாக இழுத்துக்கொண்டு போனாலோ, ஆட்டோவில் நடுவில் நெருக்கி உட்கார வைத்தாலோ, மூளைக்குப் போகத் தொடங்கிய ரத்தம் மறுபடி நிற்கும். மயக்கம் நீளும், கை கால் உதறும். உதறலைக் கண்டதும் சாவிக்கொத்தைத் திணிக்க ஒருவர் ஓடிவருவார்.

உதறல் என்றாலே வலிப்பு அல்ல. 1994-இல் ஜெர்மனியில் ஆரோக்கியமானவர்களைச் சோதனைக்காக மயங்கவைத்துப் படமெடுத்துப் பார்த்தார்கள். மயங்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குக் கையோ காலோ உதறியது. மயக்கத்து உதறல் ஒழுங்கில்லாமல் வரும், சில நொடியில் நிற்கும், முகம் வெளுத்திருக்கும், கண் திறந்ததும் “எங்க இருக்கேன்” என்று கேட்டு உடனே நிதானத்துக்கு வந்துவிடுவார். வலிப்பில் உதறல் ஒரு தாளத்தோடு ஒன்றிரண்டு நிமிடம் போகும். முகம் நீலம் பாயலாம், நாக்கின் ஓரம் கடிபடலாம், அடங்கிய பிறகும் வெகுநேரம் குழப்பம் இருக்கும். சாவி கொடுத்ததும் தெளிந்தது, சோடா தெளித்ததும் எழுந்தார் என்று நாம் நம்புவதெல்லாம், தானே தெளிகிற 20 நொடிக்குள் நாம் எதையாவது செய்துவிடுவதால் வருகிற நம்பிக்கை.

ஆகவே செய்முறை சுருக்கமானது. மல்லாக்கப் படுக்க வையுங்கள். தோளைத் தட்டிக் கூப்பிட்டு, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று 10 நொடிக்கு மேற்படாமல் பாருங்கள். மூச்சு சரியாக இருந்தால் இரண்டு காலையும் ஓரடி உயர்த்தி, பை, மூட்டை, கவிழ்த்த வாளி எதையாவது கெண்டைக்காலுக்கு அடியில் கொடுங்கள். சேலை கட்டியவர் என்றால் முழங்காலை லேசாக மடக்கி, ஒரு துண்டைக் கால்மேல் போர்த்திவிட்டு உயர்த்தலாம். சாமி முன்னால் என்றால் தலை தேர்ப் பக்கம் வருமாறு ஆளைத் திருப்பிப் போடுங்கள்; கால் மறுபக்கம் போய்விடும். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். நிறைமாதக் கர்ப்பிணியை மல்லாக்கப் போட்டால் கருப்பை பெருஞ்சிரையை அழுத்தும். அவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாந்தி வந்தால் யாரையும் ஒருக்களிக்கத்தான் வேண்டும். கூட்டத்தை விலக்குவது நல்லது. அது மூச்சுக் காற்றுக்காக அல்ல. அவருக்குக் குறைந்தது காற்று அல்ல, மூளைக்குப் போகும் ரத்தம். படுக்க இடமும், உடம்புச் சூடு இறங்க வழியும் கிடைக்கத்தான் விலக்குகிறோம். நினைவு முழுதாகத் திரும்பி, தானே தலையை நிமிர்த்தி விழுங்க முடியும்வரை வாயில் சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

மூச்சு இல்லை, அல்லது விட்டுவிட்டுக் குறட்டை போல இழுக்கிறது என்றால் இது மயக்கமே அல்ல. 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் அழுந்தும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்கத் தொடங்க வேண்டும். தோல் நெருப்பாகச் சுட்டு, பேச்சு குழறினால் அது வெப்ப வாதம். மேலெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர் படுக்க வைத்தும் தெளியாவிட்டால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். விழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சீனி கரைத்துக் கொடுக்கலாம். முடியாவிட்டால் வாயில் எதுவும் வைக்காமல் 108. ஓடும்போது விழுந்தவர், படுத்திருக்கும்போதே நினைவு தப்பியவர், எந்த அறிகுறியும் இல்லாமல் மரம்போலச் சாய்ந்தவர், நெஞ்சுவலியோ படபடப்போ முன்னால் வந்தவர், சின்ன வயதில் திடீரென்று இறந்தவர் உள்ள குடும்பத்தார், இவர்கள் எழுந்து சிரித்தாலும் அன்றைக்கே இசிஜி எடுத்தாக வேண்டும்.

வீட்டுக்குள் விழுகிறவர்கள்

திருவிழாவில் விழுகிறவரை நாலு பேர் பார்க்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்றுக்குப் போக எழுந்து கக்கூஸ் வாசலில் விழும் பெரியவரைப் பார்க்க யாரும் இல்லை. எனக்கு அதிகக் கவலை அவரைப் பற்றித்தான். அவருக்கு நடப்பது அந்தத் திடீர்த் திருப்பமும் அல்ல. வடம் பிடிக்கும் ஆட்களே குறைந்துபோய்விட்டார்கள். நீண்ட நாள் சர்க்கரை நோய் காலின் உணர்ச்சி நரம்பை மட்டுமா கெடுக்கிறது? தன்னியக்க நரம்பையும் அரிக்கிறது. பாதம் வியர்க்காமல் வறண்டு வெடிப்பது, சாப்பிடும்போது முகம் மட்டும் கொட்டி வியர்ப்பது, சும்மா இருக்கும்போதே நாடி 100-ஐ ஒட்டி ஓடுவது, சர்க்கரை இறங்கினாலும் நடுக்கமோ படபடப்போ தெரியாமல் போவது எல்லாம் அதன் அடையாளங்கள். இதோடு புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், பிரஷருக்கான பிரசோசின் ஆகியவை சேர்ந்தால் குழாய் சுருங்குவது இன்னும் மட்டுப்படும்; நீர் பிரியும் மாத்திரை ரத்தத்தின் அளவையே குறைக்கும். வயிறு முட்ட மத்தியானச் சாப்பாடு முடித்து எழும்போதும் இதே ஆபத்துதான். குடல் தன் பங்குக்கு ரத்தத்தை இழுத்துக்கொள்கிறது. முக்கூடல் பக்கம் மடியில் தட்டை வைத்துக் காலை மடக்கிப் பல மணி நேரம் பீடி சுற்றிவிட்டு, பீடிக்கடைக்குக் கொடுக்கப் பரபரப்பாக எழும் பெண்களுக்கும் தலை கிறுகிறுக்கும். அவர்களுக்கு நரம்பு நன்றாகவே இருக்கும்; ரத்தசோகையும், தண்ணீர் குடிக்காமல் வேலையை ஓட்டுவதும்தான் குறை.

வீட்டில் டிஜிட்டல் பிரஷர் மிஷின் இருந்தால் இதைக் கண்டுபிடிக்கலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை அளக்க வேண்டும். எழுந்து நின்றதும் உடனே பொத்தானை அமுக்கி, ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ இறங்கினால் பிரச்சினை இருக்கிறது. 20 இறங்கியும் நாடி 10 கூட ஏறவில்லை என்றால் நரம்பையே சந்தேகிக்க வேண்டும். நாடி நன்றாக ஏறினால் தண்ணீர்ச் சத்துக் குறைவையோ ரத்த இழப்பையோ பார்க்க வேண்டும். பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. நிற்கும்போது கையைத் தொங்கவிடுகிறார்கள். கை இதயமட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே போனால் மிஷின் 7 அல்லது 8 புள்ளி கூட்டிக் காட்டும். 20 சென்டிமீட்டர் தொங்கினால், விழுந்த 15 புள்ளியை அது அப்படியே மறைத்துவிடும். முழங்கையை யாராவது நெஞ்சு உயரத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

எண்களை ஒரு தாளில் எழுதி, மருந்துச் சீட்டோடு டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மற்றபடி ராத்திரியில் ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கலாம். எழும்முன் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டலாம். தன்னியக்க நரம்பு கெட்டவர்களுக்குக் காலையில் எழும்முன் இரண்டு டம்ளர், அதாவது அரை லிட்டர் பச்சைத் தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடித்தால் அழுத்தம் ஏறி அரை மணிவாக்கில் உச்சத்துக்கு வரும். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு கட்டியிருப்பவர்கள் மட்டும் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

தேரில் விழுந்தவர் கண் திறந்ததும் “எனக்கு ஒண்ணுமில்ல” என்று எழப் பார்ப்பார். பத்துப் பதினைந்து நிமிடம் படுக்கட்டும். பிறகு இரண்டு மூன்று நிமிடம் உட்காரட்டும். இப்போது சோடாவை உடைக்கலாம். அதைவிட உப்புப் போட்ட நீர்மோர் நல்லது, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால் அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். திரும்பிய நரம்பு உடனே பழைய நிலைக்கு வராது. அவசரமாக எழுந்தவர் மறுபடி விழுவதுண்டு. அன்றைக்கு வடம் பிடிக்க வேண்டாம். வாகையடி முக்கில் ஒரு கடைத் திண்ணை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தால், தேர் திரும்புவதை அங்கிருந்தே பார்க்கலாம்.